கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு சாமுராய்

படத்தை வாடகைக்கு விடும் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் கடை திறக்க வேண்டும்: கொண்டுபோன டிஸ்க் திரும்பி வருகிறதோ இல்லையோ, அதைப் பற்றிய அபிப்பிராயம் கட்டாயம் வந்து சேரும்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கிறது என் கடை. முன்பக்கம் செல்போன் கவர், சார்ஜர், ரீசார்ஜ். பின்பக்கம் ஒரு அலமாரி நிறைய டிவிடி. "இன்னுமா?" என்று நீங்களும் கேட்பீர்கள். அந்த அலமாரியில் இன்றைக்கும் தூசி படியாதவை பழைய ஜப்பான் சாமுராய் படங்கள் மட்டும்தான். கவுன்டருக்குப் பின்னால் நின்று, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகிய கடைக்காரராக நீங்களும் இருந்தால், அதற்கான காரணம் என்னைவிடச் சீக்கிரம் உங்களுக்குப் பிடிபடலாம்.

பெட்டி வந்த கதை

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்த ஜப்பான் எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது, தன் படங்களை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு டிரைவர் செல்வத்திடம் கொடுத்துவிட்டார். செல்வம் அதை என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. பேச்சு ஜப்பானிய மொழியில், கீழே எழுத்து இங்கிலீஷில். இதை இந்த ஊரில் யார் எடுப்பார்கள் என்று கேட்டேன்.

செல்வத்துக்கும் அந்த எஞ்சினியருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செல்வத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் போடுவாராம். முடிந்ததும் இருவரும் பேசாமல் டீ குடிப்பார்களாம். அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்திருந்தார். பெட்டியைக் கவுன்டரில் வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளலாமே என்றேன். "நான் வச்சிக்கினு இன்னாக்கா பண்றது? பக்கத்துல அவரு இருந்தா தான் எனக்குப் படம் புரியும்."

தள்ளிப் பார்த்தவர்

விக்னேஷ் மணவாள நகரிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவர். ரீசார்ஜ் செய்ய வந்தவர் அலமாரியைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது இதற்கு ஒரு கடையா என்றார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

சில வாரம் கழித்து, ஒரு சாமுராய் படத்தின் பெயரைச் சொல்லி டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டார். ஏற்கெனவே ரயிலில் போனில் பார்த்துவிட்டாராம். பிறகு எதற்கு மறுபடி என்றேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் பதில் வந்தது. "கைல போன் இருந்தா விரல் சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா. அவன் கத்திய உருவாம நின்னுக்கினே இருந்தான், நான் படத்த முன்னால தள்ளி வுட்டுட்டேன். பாத்தவங்க சொல்றாங்க, தள்ளினதுல தான் படமே இருந்துச்சாம்."

எஜமான் இல்லாதவர்

அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்து வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தவர் முருகேசன். கான்ட்ராக்ட் கைமாறியதும் புது ஆள் பழையவர்களை நிறுத்திவிட்டார். வீட்டில் சொல்ல மனசு வராமல், காலையில் கிளம்பி என் கடைப் பக்கம் வந்து நிற்பார். ஒரு டிவிடி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டார். படித்துச் சொன்னேன்: எஜமான் செத்துப்போனதால் வேலை போன வீரன் ஒருவன் ஊர் ஊராக அலைகிறான். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பெண்டாட்டியிடம் விஷயத்தைச் சொன்னாராம். அந்தம்மா திட்டவில்லையாம். எழுந்துபோய்ச் சோறு போட்டாராம்.

வேறு ஒரு இடத்தில் வேலை கிடைத்த பிறகுதான் டிஸ்க் திரும்பி வந்தது. அவரும் திருத்தமாக வந்திருந்தார். "அவனுக்கு வேலையும் இல்ல, எஜமானும் இல்ல. ஆனாலும் தலைய நல்லா வாரி முடிஞ்சிக்கினு தான் வெளிய வர்றான். நானும் ஷேவ் பண்ணிக்கினு போய்த் தான் வேலை கேட்டேன்."

தேவசகாயத்தின் வீடு

தேவசகாயம் பிரஸ் ஷாப்பில் இரும்புத் தகடு அடிக்கிற மெஷின்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். காது படிப்படியாகப் போய்விட்டது. வீட்டில் டிவி ஓடும்போது, "இன்னா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். முதலில் எல்லோரும் பொறுமையாகச் சொன்னார்கள். பிறகு சுருக்கமாகச் சொன்னார்கள். கடைசியில் "ஒண்ணுமில்லப்பா" என்பதோடு நின்றது. ஒருநாள் அவர் கேட்பதை விட்டுவிட்டார். டிவி போட்டால் எழுந்து சமையல்கட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வார். இதை என்னிடம் சொன்னது அவர் மகள் கிரேஸ். வந்தது கவர் வாங்க, நின்றது அழாமல் இருக்க.

எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு சாமுராய் டிஸ்க்கைக் கையில் கொடுத்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவு இங்கிலீஷ் வராதே என்றாள். பரவாயில்லை, சும்மா போட்டுப் பாருங்கள் என்றேன்.

அடுத்த டிஸ்க் எடுக்கத் தேவசகாயமே வந்தார். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரல். ரீசார்ஜுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவன் பேசறது எனக்குக் கேக்கல, ஊட்டுல அவங்களுக்குப் புரியல. எல்லாரும் மூஞ்சிய மட்டும் தான் பாக்கறோம். அந்த வேலை எனக்குப் பழக்கமாச்சே. இப்போ என் பொண்ணு என்னைக் கேக்குதும்மா, 'அவன் இன்னா சொல்றாம்ப்பா'ன்னு."

கீறல்

ஆரம்பாக்கம் பக்கத்து விவசாயி ரமணய்யா. அண்ணனோடு வரப்புத் தகராறு. இருவரும் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. அவர் எடுத்துப்போன படத்தில், ஒன்றாக வளர்ந்த இரண்டு பேர் கடைசியில் எதிரெதிரே வாளோடு நிற்பார்கள். அந்த இடத்தில் டிஸ்க்கில் கீறல். படம் அங்கேயே உறைந்துவிடும். இது தெரிந்ததும் வேறு பிரதி வரவழைத்துத் தருகிறேன் என்றேன்.

அவர் டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்றும், பத்திரிகை வைக்க அண்ணனே நேரில் வந்ததாகவும், உள்ளே கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்தபடி, தான் வாசலிலேயே நின்றுவிட்டதாகவும் சொன்னார். அப்புறம் என்ன ஆயிற்று என்றேன். கூப்பிட்டேன், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார் என்றார். டிஸ்க்கை என் பக்கம் தள்ளி வைத்தார். "வேற வாணாம்மா. அப்படியே நிக்கட்டும். வெட்டிக்கினா ஒருத்தன் தான் ஊட்டுக்குப் போவான்."

மொத்தத்தில் நான் வாடகைக்கு விட்டது அதிகம் வாய் திறக்காத சாமுராய்களை. அவர்களைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு டீ சொல்லித்தான் மாளவில்லை.