தள்ளப்போறது யாரு?

வந்தவர் ‘நாலு சக்கரம் வேணும்’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள், சக்கரக் கடைக்காரர் கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். முதல் கேள்வி எடை. ஏற்றப்போகும் சரக்கின் எடை மட்டும் அன்று, வண்டியின் சொந்த எடையும் சேர்த்து. வந்த தொகையை மூன்றால் வகுக்கிறார். நான்கு சக்கரம் கேட்டவர் விழிக்கிறார்.

“எந்தத் தரையும் சமமா இருக்காதுங்க. எப்பவும் மூணுதான் பாரம் தாங்கும். நாலாவது சும்மா கூட வரும். அண்ணன் தம்பி நாலு பேரா பொறந்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

வயது ஐம்பத்து மூன்று. கடையின் அகலம், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் நடக்க வேண்டிய அளவு. இரு சுவர்களிலும் கூரை வரை சக்கரங்கள்: ரப்பர், நைலான், வார்ப்பிரும்பு, சுழல்வன, சுழலாதன. வேறெதுவும் அங்கே விற்பதில்லை. கடைத்தெருவில் அவருக்கு ‘மூணாங்கணக்கு’ என்று பெயர். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். மனைவி தையல் தொழில் செய்கிறாள்.

இரண்டாவது கேள்வி தரையைப் பற்றியது. வழுவழுப்பா, சொரசொரப்பா, எண்ணெய் சிந்துமா, நடுவில் படி உண்டா? மூன்றாவது கேள்விக்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். “தள்ளப்போறது யாரு?” தள்ளுபவர் மெலிந்தவர் என்றால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். இந்த இடத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று நழுவிவிடுவார்கள். எதிரே பூட்டு விற்பவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “அண்ணே, நீங்க சக்கரம் விக்கிறீங்களா, பொண்ணு குடுக்கிறீங்களா?” என்றார். இவர் சிரிக்கவில்லை. “தப்பான எடத்துல குடுத்தா ரெண்டுமே திரும்பி வந்துரும்” என்றார்.

இந்தப் பேச்சுகளெல்லாம் மாலையில் மனைவியின் காதுக்கு வந்து சேரும். ஊரே பேசும் கேள்விகள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம், கூடத்தில் அவள் துணி வெட்டும் மேசை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை அவள் வாங்கினாள். தேக்குக் கால்கள், நான்கு விரல் கனத்தில் பலகை. வீடு சிறியது, பகலில் மேசை கூடத்தின் நடுவே நிற்க வேண்டும், இரவில் பாய் விரிக்கச் சுவரோரம் போக வேண்டும். காலையும் மாலையும் அதை இழுப்பவள் அவள்தான். வலது தோள் வீங்கிப்போயிற்று. இப்படியே இழுத்தால் கத்தரிக்கோல் பிடிக்கும் கை நிலைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் கை போனால் தொழில் போயிற்று.

சக்கரம் கேட்டாள். அவர் மேசைக்கடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, “பாக்கலாம்” என்றார். மறுபடி கேட்டதற்கு, “பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார். ஒருநாள் பையிலிருந்து ஒரு ரப்பர் சக்கரத்தை எடுத்துத் தரையில் உருட்டினார். நின்ற இடத்திலேயே நின்றால் தட்டையாகிவிடும் என்று திரும்ப எடுத்துப்போனார். பிறகு ஒரு நைலான் வந்தது. காதைத் தரையில் வைத்து அது உருளும் சத்தத்தைக் கேட்டார். தரையைக் கீறும் என்று அதுவும் திரும்பிப்போயிற்று. இப்படியே பெண் பார்க்கும் படலமாக நீண்டுகொண்டு போனதே ஒழிய, மேசைக்குச் சக்கரம் முளைத்தபாடில்லை.

சென்ற மாதம் ஒரு மருத்துவமனையின் செவிலியர் சீருடைகளுக்கு ஆர்டர் வந்தது. அவ்வளவு பெரிய ஆர்டர் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. அந்த வாரமே கொடுத்தாக வேண்டும். துணி வெட்ட வேண்டிய அன்று காலை தோள் மேலெழவில்லை. கணவரின் கடையைத் தாண்டிப்போய், தெருக்கோடிப் பிளாஸ்டிக் கடையில் நான்கு சக்கரம் வாங்கினாள். அந்தக் கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: பை வேண்டுமா? தச்சர் வந்து மாட்டிக்கொடுத்தார். ஒற்றை விரலால் தொட்டாள். மேசை தண்ணீரில் விட்ட தோணிபோல நகர்ந்தது. அவள் தனியே நின்று சிரித்தாள்.

துணியை அடுக்கடுக்காக விரித்துக் கத்தரிக்கோலை அழுத்தினாள். மேசை போய்விட்டது. இழுத்து நிறுத்தி மறுபடி அழுத்தினாள். மறுபடி போயிற்று. கட்டையை முட்டுக்கொடுத்தால் வழவழத் தரையில் கட்டையும் சேர்ந்து போயிற்று. அதோடு மேசை உயர்ந்தும்விட்டது. எந்தத் தோளைத் தூக்கக் கூடாது என்றார்களோ, அதே தோளைத் தூக்கித்தான் வெட்ட வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். பிறகு குனிந்து ஒரு சக்கரத்தை நகத்தால் சுண்டினார்.

“நாலும் சுத்துற வகை. பிரேக் இல்ல. எவன் குடுத்தான்?”

அவள் ஓடிப்போன மேசையை இழுத்து நிறுத்தினாள்.

“சக்கரம் வெச்சா மேசை ஒசரும். அதுக்குக் காலை அறுக்கணும். அறுத்தா ஒட்ட முடியாது. அதனாலதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

இதை அவள் கேட்பது அதுவே முதல் தடவை. இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள். கணக்கு இன்னும் முடியவில்லையே என்றார் அவர், மெய்யான வருத்தத்தோடு.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

“கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் தள்ளப்போறது யாருன்னு கேக்குறீங்க. இந்த வீட்டுல தள்ளுறது யாருன்னு ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கீங்களா?”

அவர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். அவள் நிற்பதற்கு ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார். மேசையின் மறுபக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு பாதங்களையும் இரண்டு சக்கரங்களில் அழுந்தப் பதித்தார். “வெட்டு” என்றார்.

மேசை அசையவில்லை. அவள் வெட்டினாள். சாப்பாடு ஆறிற்று, கடை மதியத்துக்குமேல் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

“துணியோட சேத்து எடை எவ்வளவு வரும்?”

அவள் கையிலிருந்த துணியை வெட்டி முடித்தாள். சட்டைக்கைத் துணிகளை அள்ளி, மேசையைச் சுற்றி வந்து குனிந்து, அவர் மடியில் அடுக்கினாள்.

அவர்களுக்குத் திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள்.