வளையம் நனைந்தால் ஏறாதீர்கள்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று குடும்பத்தில் முடிவானபோது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அக்காவின் பக்தியைப் பற்றி எழுதலாம், பொறுமையைப் பற்றி எழுதலாம், கைப்பக்குவத்தைப் பற்றி எழுதலாம். கரும்பலகையைப் பற்றி மட்டும் எழுதக்கூடாதாம். "போன ஆளைப் பற்றி நல்லதாய் நாலு வசனம் எழுது பிள்ளை. பழைய சண்டையளைக் கிளறாதை" என்று சொல்லிவிட்டார்கள்.

அக்காவுக்குப் பொறுமை இருந்ததேயில்லை. கைப்பக்குவமும் சுமார்தான். அவர் சுட்ட வடையைத் தேநீரில் தோய்த்துத்தான் கடிக்கவேண்டும். கரும்பலகையை விட்டுவிட்டு எழுதுவதென்றால் நான் வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதவேண்டும். ஆகவே கரும்பலகையைப் பற்றியே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். அடுத்த பக்கத்தில் செபங்கள் அச்சிட்டிருக்கிறோம்.

அக்கா மூதூரில், அம்மாவின் வீட்டில் பிறந்தார். அப்பாவுக்குத் திருகோணமலையில், ஆங்கிலேயரின் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்கு வர்ணம் பூசும் வேலை. அதனால் குடும்பம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டுக்கு வந்தது. நான் இங்கேதான் பிறந்தேன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கொடியேற்றும்போது பாட்டுப் பாடிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி கொடுத்தார்களாம். "எப்படியடி சுதந்திரம்?" என்று வாசலில் வைத்து அப்பா கேட்க, "பணிஸ் பழசு" என்றாராம் அக்கா. நாட்டு நடப்பைப் பற்றி அவர் சொன்ன முதலாவது அபிப்பிராயம் அதுதான் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு வெள்ளைக்காரன் தளத்தைக் கைவிட்டுப் போனான். அப்பாவின் வேலையும் போனது. அதற்கடுத்த மழைக்காலத்தில் அம்மாவும் போய்விட்டார். அம்மாவை மூதூர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய கிழமையே, விரிகுடாவைக் கடந்து மூதூருக்குச் சனம் ஏற்றிப்போகும் மோட்டார்ப் படகான லோஞ்சு புறப்படும் இறங்குதுறையில் அக்கா ஒரு தேநீர்க்கடை போட்டார். தகரக் கூரை, சனம் குந்த இரண்டு வாங்கு, தண்ணீர் கொதிக்க ஒரு பெரிய கேத்தில். இளம்பெண் ஒருத்தி துறைமுகத்துச் சனத்துக்குத் தேநீர் ஆற்றிக் கொடுப்பதா என்று உறவுக்குள் பலத்த கதை எழுந்தது. கதைத்தவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டு அடுப்பை வந்து எட்டிப் பார்க்கவில்லை. நான் படித்ததும் ஆசிரியையானதும் அந்தக் கேத்திலால்தான்.

கரும்பலகை வந்தது தொண்டை நோவால். வருகிற ஒவ்வொருவரும் "லோஞ்சு எத்தனை மணிக்கு?" என்று அக்காவிடம்தான் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அக்கா, பள்ளிக்கூடம் ஒன்று கழித்துவிட்ட பலகையைக் கொண்டுவந்து கடை முகப்பில் மாட்டி, வெண்கட்டியால் எழுதினார்: "லோஞ்சு பத்தரைக்கு." பலகையில் அதற்குக் கீழே நிறைய இடம் மிஞ்சியிருந்தது. இடம் சும்மா கிடப்பது அக்காவுக்குப் பிடிக்காது. மறுநாளே அதற்குக் கீழே எழுதத் தொடங்கினார்.

கதைப்பது போலவேதான் எழுதுவார். ஊரெல்லாம் தியேட்டர் வாசலில் முண்டியடித்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கதாநாயகி மூண்டு மணித்தியாலம் அழுகிறா. அழவேண்டியது காசு குடுத்த நாங்கள்" என்று எழுதினார். வானொலியைப் பற்றி, "பாட்டு ரண்டு நிமிசம், பாட்டுக் கேட்ட ஆக்களின்ர பேர் பத்து நிமிசம்" என்றார். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, பெரிய இடத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு சாப்பிடச் சொன்ன காலத்தில், "முதல்ல அவையின்ர குசினி அடுப்பைப் பாத்திட்டு வாறன், பிறகு சாப்பிடுறன்" என்று எழுதினார். மொழிச் சட்டம் வந்த பிறகு ஒருநாள், "எனக்கு விளங்காத பாசையில எனக்குக் கடுதாசி வருது. என்ர தேத்தண்ணி மட்டும் எல்லாச் சனத்துக்கும் விளங்குது" என்றிருந்தது. அன்று பொலிஸ்காரர் ஒருவர் வந்து நெடுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அக்கரைச் சனம் அந்தப் பலகைக்குப் பழகிவிட்டது. தயிர்ச்சட்டியோடு கட்டைபறிச்சானிலிருந்து வரும் பெண்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்பவரைப் பிடித்து, "இண்டைக்கு அக்கா என்ன எழுதியிருக்கிறா? வாசியுங்கோவன்" என்பார்கள். பின்னேரத்துக்குள் அது மூதூருக்கும் கிளிவெட்டிக்கும் போய்விடும்.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பேசி ஒழுங்குபடுத்தியது. கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கும் மனிதர். நாலுபேர் மதிக்கும் சொல் அவருடையது. மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தைப் பற்றிக்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. பலகையைக் கழற்றினால் போதும் என்றார்கள். மறுநாள் காலையில் பலகையில் இருந்தது: "கலியாணம் இல்லை. லோஞ்சு பத்தரைக்கு." செத்தவீட்டில் சிலர் அக்காவைத் தனிமரம் என்று சொல்லி இரங்கினீர்கள். காலையில் கடை திறந்தால் மாலைவரை அக்கரைக் கொட்டியாரப் பகுதியில் பாதிச் சனம் அவர் வாங்கில் குந்தியிருந்ததை நீங்கள் பார்க்கவில்லைப் போலும்.

இனி, எழுதவேண்டாம் என்று என்னைத் தடுத்த விசயத்துக்கு வருகிறேன்.

வர்ணம் பூசியவரின் வீட்டில் வளர்ந்ததால், கப்பலின் பக்கத்தில் கீறியிருக்கும் கோடு எதற்கென்று எங்களுக்குத் தெரியும். பாரம் ஏற ஏறக் கப்பல் தாழும். கோடு தண்ணீருக்குள் போனால் அதற்குமேல் ஏற்றக்கூடாது. மூதூர் லோஞ்சிலும் அப்படியொரு சிவப்புக் கோடு இருந்தது. திருநாள் காலங்களிலும் அறுவடைக் காலத்திலும் சனமும் நெல்மூட்டையும் சேர்ந்து ஏறும்போது அந்தக் கோடு காணாமற் போய்விடும். ஒரு திருநாளுக்கு முதல்நாள் அக்கா எழுதினார்: "சிவப்புக் கோடு தெரியேல்லை. நான் எண்டால் ஏறமாட்டன்." வாசித்தவர்களில் பாதிப்பேர் ஏறவில்லை.

லோஞ்சு முதலாளிக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்துக்கு அவர் செய்த வேலை, கோட்டை மேலே தூக்கிக் கீறியது. லோஞ்சைக் கரையில் ஏற்றி வர்ணம் பூசி இறக்கியபோது, சிவப்புக் கோடு ஒரு சாணுக்கும் மேலே போயிருந்தது. எத்தனை பேர் ஏறினாலும் இனிக் கோடு தெரியும். சனமும் கோட்டைப் பார்த்துத் திருப்தியோடு ஏறியது. அக்கா கடையிலிருந்து இறங்கிப்போய், குனிந்து லோஞ்சின் பக்கத்தைப் பார்த்தார். பழைய கோட்டுக்குச் சற்று மேலே, கயிறு கட்டும் இரும்பு வளையம் ஒன்று லோஞ்சின் மரத்தோடு அறைந்து கிடந்தது. திரும்பி வந்து எழுதினார்: "கோட்டை மாத்தலாம், வளையத்தை மாத்தேலாது. வளையம் நனைஞ்சால் ஏறாதேங்கோ."

அன்று பின்னேரம் முதலாளி பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் அங்கே நின்றேன்.

"தங்கச்சி, உம்மட படக்கதையை எழுதும், றேடியோக் கதையை எழுதும். என்ர தொழிலில கை வைக்காதேயும்" என்றார் முதலாளி.

"நான் உங்கட தொழிலில கை வைக்கேல்லை. வளையத்தைத்தான் பாத்தனான்" என்றார் அக்கா.

பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, ஊரோட ஒத்துப் போகவேணும். மன்னிச்சுக் கொள்ளுங்கோ எண்டு பலகையில ஒரு வரி எழுதிவிடு. காரியம் முடிஞ்சுது."

"எழுதுறன் பெரியப்பா" என்றார் அக்கா. அவர் பணிந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

காலையில் பலகை சொன்னது: "முதலாளி என்னை மன்னிப்புக் கேக்கச் சொல்லுறார். வளையம் நனைஞ்சிருக்கு. லோஞ்சு பத்தரைக்கு."

அதற்கடுத்த நாள் பலகை முழுவதும் தார் அப்பியிருந்தது. யார் பூசியது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, எனக்குத் தெரியாது. அக்கா வாங்கில் இருந்து சிறிது நேரம் அழுதார் என்பதை மட்டும் எழுதுகிறேன். அவர் அழுததை வேறு யாரும் பார்க்கவில்லை, ஆகவே அவர் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்கள் இதையும் அறிந்துகொள்ளட்டும். தார் காய்ந்ததும் வெண்கட்டியை எடுத்தார். "தார் பூசின ஆளுக்கு நன்றி. பலகை இப்பதான் நல்லாய்க் கறுத்திருக்கு." கீழே மறுபடியும் வளையம்.

பெரியப்பா அன்றோடு எங்கள் வீட்டுப் படி மிதிப்பதை நிறுத்தினார். அப்பா நோயில் விழுந்தபோது வந்தார், அக்காவோடு பேசவில்லை. முதலாளி தோற்றுப்போனார் என்றும் நான் சொல்லமாட்டேன். அவசரக்காரர்கள் வளையம் நனைந்தாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஏறாமல் கரையில் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத் திருநாள் காலங்களில் இரண்டாந் தடவையும் லோஞ்சு ஓடத் தொடங்கியது. சுக்கான் பிடித்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் கிண்ணியாக் காக்கா; அவர் புறப்படுமுன் கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

போன வருடம் அக்காவுக்கு நெஞ்சில் நோய் கண்டது. படுக்கையிலும் அபிப்பிராயம் நிற்கவில்லை. தியேட்டரில் என்ன படம் ஓடுகிறது என்று கேட்பார். கதையைச் சொன்னால், "முடிவு எனக்குத் தெரியும்" என்பார். நான் கொண்டுபோன கஞ்சிக்கு உப்புப் போதாது என்றார். தன்னை அம்மாவுக்குப் பக்கத்தில், மூதூரில் அடக்கம் செய்யச் சொன்னார். அதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரேயொரு காரியம்.

ஆகவே பெட்டியை லோஞ்சில்தான் கொண்டுபோகவேண்டியிருந்தது. முதலாளி காசு வாங்காமல் லோஞ்சைத் தந்தார். அதற்கு நன்றி, அன்றைக்கே நேரில் சொன்னேன். நடுவில் பெட்டியை வைத்ததும் சனம் ஏறத் தொடங்கியது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: செத்தவீட்டுக்கு வந்தவர் குழியில் ஒரு பிடி மண் போடாமல் திரும்பமாட்டார். பெட்டியை ஏற்றிய லோஞ்சில் ஏறாமல் நின்றால் அதுவே ஒரு குறையாகிவிடும். சொந்தம், அயல், கடைக்கு வந்துபோனவர்கள் என்று எல்லாரும் ஏறினார்கள். எண்பதைத் தாண்டிய பெரியப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பெட்டியின் தலைமாட்டில் இருத்தினார்கள்.

நான் கடைசியாக ஏறப்போனவள். காலைத் தூக்கும்போது கண் தானாகக் கீழே போனது. சிவப்புக் கோடு தெரிந்தது. வளையம் தண்ணீருக்குள் கிடந்தது.

"கொஞ்சப்பேர் இறங்கவேணும்" என்றேன். ஒருவரும் அசையவில்லை. "வளையம் நனைஞ்சிட்டுது. இறங்குங்கோ" என்று சத்தமாகச் சொன்னேன்.

"செத்தவீட்டில என்ன கதை இது? இண்டைக்கு ஒரு நாளைக்குத்தானே!" என்றார் முதலாளி கரையிலிருந்து.

"ஒரு நாளைக்கு எண்டுதான் ஒவ்வொரு நாளும் சொன்னனீங்கள். இறங்காட்டில் அக்கா போகமாட்டா. பெட்டியை இறக்குங்கோ" என்றேன். என் குரல் எனக்கே அக்காவின் குரலாகக் கேட்டது.

கிண்ணியாக் காக்கா எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் முதலில் எழுந்தவர் தயிர் விற்கும் ஒரு கட்டைபறிச்சான் பெண். "எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அக்கா எழுதினதெல்லாம் கேட்டனான். நான் பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் பின்னால் இன்னும் சிலர் இறங்கினார்கள். வளையம் இன்னும் மேலே வரவில்லை.

அப்போது பெரியப்பா தடியை ஊன்றினார். "என்னைப் பிடிச்சு இறக்கு பிள்ளை."

"நீங்கள் இருங்கோ பெரியப்பா, உங்களுக்கு ஏலாது."

"நான் இறங்கினால்தான் மற்றவை இறங்குவினம்" என்றார். உண்மை. அவர் கரையில் கால் வைத்ததும் எங்கள் சொந்தக்காரர் வரிசையாக இறங்கினார்கள். வெயிலில் நின்றுகொண்டு அவர் கேட்டார்: "இப்ப வளையம் தெரியுதா?"

"ஓம் பெரியப்பா, தெரியுது."

"அப்ப கொண்டு போ" என்றார். அக்காவைப் பற்றி இருபது வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மூதூரில் சுவாமியார் குழியருகே காத்து நின்றார். லோஞ்சு திரும்பிப்போய், நின்றவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தது. பெரியப்பா வந்து மண் போட்ட பிறகுதான் குழியை மூடினோம்.

வழக்கப்படி இனி நன்றி. நோயில் பார்த்த மருத்துவருக்கும் தாதிமாருக்கும், செபம் சொன்னவர்களுக்கும், அடக்கத்தன்று சமைத்துத் தந்த அயலாருக்கும், எஞ்சினை நிறுத்திய காக்காவுக்கும் எங்கள் நன்றி. லோஞ்சில் அக்காவோடு வந்தவர்களுக்கு நன்றி. அக்காவுக்காக லோஞ்சிலிருந்து இறங்கியவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. கோட்டை மேலே கீறியதற்கு மட்டும் நன்றி இல்லை. அது இன்னும் மேலேதான் இருக்கிறது.

இந்த மலரை இன்று காலைப் பூசை முடிந்ததும் கையில் வாங்கியிருப்பீர்கள். பிறகு அக்காவின் கல்லறைக்குப் பூப்போட எல்லாருமாக மூதூர் போகிறோம். கடை பூட்டிக் கிடந்தாலும் பலகை இடத்திலேயே மாட்டியிருக்கிறது. இன்று விடியற்காலை நான் போய் எழுதிவிட்டு வந்தேன்.

லோஞ்சு பத்தரைக்கு. வளையம் நனைந்தால் ஏறாதீர்கள்.