எங்கள் வீடு பயந்த சொல்

எங்கள் அக்கா கண்மூடி இன்றோடு ஓராண்டு ஆகிறது. ஆரம்பாக்கத்தில் கழனி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்து, என்னை இடுப்பில் சுமந்தபடியே வளர்ந்தவர். அவரைப் பற்றி எழுதினால் எங்கள் வீட்டையே நடுங்க வைத்த ஒரு சொல்லையும் எழுதியாக வேண்டும்.

அக்கா சிறுமியாக இருந்தபோது ஊரில் வாந்திபேதி கண்டது. மாதாகோயில் ஆஸ்பத்திரியில் கோவாக்கார நர்ஸம்மா ஒருவர் இருந்தார். வீட்டில் போர்த்துகீசியம் பேசி வளர்ந்தவர். நோயாளிப் பெண்களின் நெற்றியைத் தொட்டு, "கொய்தாதா" என்பார். அப்படிச் சொல்லக் கேட்ட எங்கள் தெருப் பெண்கள் இருவர் பிணமாகத்தான் திரும்பினார்கள். அது சாவைச் சொல்லும் சொல் என்று தெருவே நம்பியது.

அக்காவைக் கிடத்தியபோது நான் நைனாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸம்மா குனிந்து, "கொய்தாதா" என்றார். நான் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஊட்டுக்குத் தூக்கிக்கினு போயிடறேன். பொண்ணு நம்ம ஊட்ல சாவட்டும்" என்று நைனா குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கப் போனார்.

பிடுங்கியிருந்தால் அக்கா வழியிலேயே போயிருப்பார். குரல் எழும்பாத நிலையில் அவர்தான் கேட்டார்: "இன்னா நர்ஸம்மா அது? நான் செத்துடுவேனா?"

நர்ஸம்மா திகைத்துப் போனார். "எங்க பழைய பேச்சில கொய்தான்னா துயரம். துயரப்படுறவ கொய்தாதா. நீங்க 'ஐயோ பாவம்'னு சொல்றீங்களே, அதுதாம்மா. பொழைக்கிறவங்களுக்கும் சொல்வேன்."

நைனா கையை எடுத்துக்கொண்டார். அக்கா பிழைத்தார். எனக்கு மட்டும் பயம் தெளியவில்லை.

பின்னாளில் அக்கா அதே ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளில் அடிபட்டு வருபவர்களைத் துடைத்துவிடும்போது அவர் வாயிலும் அந்தச் சொல்தான். நான் காதைப் பொத்திக்கொள்வேன். "இன்னும் பயந்துக்கினுதான் கீறியா?" என்று சிரிப்பார்.

கடைசியில் வயிற்றில் கட்டி. சென்னை ஆஸ்பத்திரியில், யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்களோ என்று வருகிறவர்கள் வாயையே பார்த்தபடி கட்டிலருகே நின்றேன். அக்கா கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டார். "கொய்தாதா" என்றார். அன்று மாலை அவர் உயிர் பிரிந்தது.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அக்காவை ஊர் கொண்டுவந்து சேர்த்த எளாவூர் லாரிக்காரருக்கும், அன்று பொறுமையாகப் பதில் சொன்ன நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அக்கா இல்லாத வீட்டில் எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் என் நெற்றியில் நானே கைவைத்து அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்கிறேன்.

— தங்கை