மெயினை இறக்கியும் ஓடிய ஃபேன்

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் எங்கள் வீட்டுக் கரண்ட் பெட்டியை வெளிச்சுவருக்கு மாற்றினோம். பழைய பெட்டி நடையில் இருந்தது. மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஊறி, தொட்டால் கை சுர்ரென்றது. வெளியே மீட்டருக்குப் பக்கத்திலேயே புதுப் பெட்டி வைத்து, மொத்த வீட்டுக்கும் ஒரு மெயின் பிரேக்கர் போட்டுவிடச் சொல்லி, குவைத்தில் வேலை பார்க்கும் என் கணவர் போனில் சொல்லியிருந்தார்.

திருவையாற்றிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். பெட்டியைச் சுவரில் முடுக்கி, எர்த் கம்பி இறக்கி, ஒயர்களையெல்லாம் பூட்டி முடித்தார்.

"மெயினை இறக்குறேம்மா. உள்ள எல்லாம் அணைஞ்சிருக்கான்னு பாருங்க."

கூடத்தில் லைட் இல்லை. ஃபிரிட்ஜ் சத்தம் நின்றிருந்தது. பின்பக்க அறையில் மட்டும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிய வேகத்தில் சுற்றுகிறது, நின்றுவிடும் என்று காத்திருந்தேன். அது நிற்கிற மாதிரி தெரியவில்லை.

"ஃபேன் ஓடுதுங்க" என்று கத்தினேன்.

"இன்வெர்ட்டர் இருக்காம்மா?"

"இல்லைங்க."

அவர் வந்து ஃபேன் சுவிட்சில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. வெளியே போய் பிரேக்கரைப் பார்த்தார். திரும்பி வந்து ஃபேனைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

என் கணவரின் அண்ணன் வீடு. ஒரே வீடாக இருந்ததைப் பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவர் அது. அப்போது மூண்ட சண்டையோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. இதையெல்லாம் எலக்ட்ரீஷியனிடம் சொல்லவில்லை.

"அங்கேர்ந்துதான் வருது போல. அவங்க மெயினை அணைக்கச் சொல்லுங்க" என்றார் சாதாரணமாக.

எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமலே போனேன். நான் அவர்கள் வாசலை மிதிப்பதற்குள் அந்த அண்ணனின் மனைவி, என் ஓர்ப்படியே வெளியே வந்துவிட்டார்.

"எங்க அடுப்படியில மட்டும் கரண்ட் போயிடுச்சு. என்னடி பண்றீங்க அங்க?"

இத்தனை வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு. அவர் அடுப்படிக்கு எங்கள் கரண்ட், என் அறைக்கு அவர் கரண்ட் என்று புரிய எங்கள் இருவருக்குமே நேரமாயிற்று. புரிந்த பிறகும் எப்படி என்று தெரியவில்லை. யார் இழுத்த ஒயர்? அன்றைக்கு ஒயரைப் பிரிக்க வந்த ஆள் மறந்து விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டதா?

மத்தியானம் முழுக்க எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டிப் பார்க்க, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.

"எரியுதா?"

"அணைஞ்சிடுச்சுக்கா!"

"இப்ப?"

"இப்ப எரியுது!"

நடுவில் ஒருமுறை, எதற்கென்றே தெரியாமல் இருவரும் சிரித்துவிட்டோம்.

"இத்தன நாள் ஓடுனது இப்படியே ஓடட்டுமேங்க" என்று எங்கள் பக்கம் வந்த ஓர்ப்படி எலக்ட்ரீஷியனிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எலக்ட்ரீஷியன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஒருத்தர் மெயினை அணைச்சிட்டோம்னு நம்பிக் கை வைப்பாங்க. உசுரு போயிடும்மா. வெட்டித்தான் ஆவணும்."

அவர் சொல்வது சரிதான். ஆனாலும் அவர் கட்டரை எடுத்தபோது நான் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓர்ப்படியும் தன் வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றார்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு வீட்டு ஒயர்களும் தனித்தனியாகிவிட்டன. நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிய ஓர்ப்படி புதுப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "சாரல் அடிக்கும். மேல ஒரு தகடு போடச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு தகரத் தகடு சாத்தியிருந்தது. அதைப் பெட்டிக்கு மேலே அடித்துக்கொண்டோம்.

"அப்ப ரெண்டு வீடும் பேசிக்கிறீங்களா?" என்று கணவர் போனில் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.