ஒளுத் தண்ணீர் விழுந்த மூலை

2025 ஜூன் 11, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து குளித்தேன். மண்ணின் காரத்தை அளக்கும் பிஎச் மீட்டரைச் சரிபார்த்துக்கொண்டு, மண் ஆய்வுக்கூடத்து ஐஸ் பெட்டியுடன் புதுக்கோட்டையில் 6.10 பேருந்தைப் பிடித்தேன். அறந்தாங்கியில் மாறி மணமேல்குடியில் இறங்கியபோது மணி 8.50. டீ பன்னிரண்டு ரூபாய்.

வயல், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. துபாயிலிருந்து திரும்பிய காதர் பாய், அந்த இரண்டு ஏக்கர் களர் மண்ணில் கடலை போட நினைத்து, தை மாதம் கந்தகத் தூள் தூவி உழுதிருக்கிறார். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக்கினால் காரம் இறங்கும். இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் தலையாட்டினால் நிலம் இறால் பண்ணைக்குப் போய்விடும். உப்புநீர் நின்ற இடம் எளிதில் வயலாகத் திரும்பாது.

"என் மச்சான் பண்ணைக்காரங்ககிட்ட பேசி முடிச்சுட்டாரு சார். மண்ணு கேக்கலன்னா நான் என்ன சொல்லித் தடுக்குறது?"

ஏழு இடங்களில் தோண்டினேன். எங்கும் 8.9; காரம் அப்படியே இருந்தது. லென்ஸில் மஞ்சள் துகள்கள் தூவிய அன்றுபோலவே கிடந்தன.

"தண்ணி எப்ப விட்டீங்க பாய்?"

"விடவே இல்லீங்க. யூரியா மாதிரி கரைஞ்சு கடலுக்குப் போயிருமேன்னு பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். கோடை மழையும் இல்ல, நல்லதாப் போச்சு."

டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கந்தகம் போட்டேன். கரையாமல் மிதந்தது. அவர் விரலால் அழுத்திப் பார்த்தார்; மறுபடி மேலே வந்தது.

மோட்டார் கொட்டகையருகே, கந்தகம் தூவிய வயலின் ஒரு மூலை மட்டும் ஈரமாக இருந்தது.

"அங்கிட்டு வேணாம் சார். தொழுகைக்கு முன்ன ஒளு செய்ற தண்ணி விழுற எடம்."

ஈரம் தேங்கிய இடத்து மண்ணை மற்றதோடு கலப்பது எங்கள் முறையிலும் இல்லை. தனிப் பையில் எடுத்து அளந்தேன்: 7.6. தண்ணீரையும் அளந்தேன்: 8.2. காரத்தை இறக்கியது தண்ணீர் அல்ல; ஈரம் கிடைத்த நுண்ணுயிர்களால் அமிலம் மண்ணுக்குள்தான் உண்டாகியிருக்கிறது.

"அப்ப தண்ணி விடணுமா? கெணத்துல ஒரு போகத்துக்குத்தான் இருக்கு. இதுக்கு விட்டுட்டா கடலைக்கு?"

"மழைய நம்பித்தான் விடணும் பாய். உறுதி சொல்ல மாட்டேன். மண்ண ஊற வச்சு காலையில பாத்துட்டுச் சொல்றேன்."

திரும்பும் பேருந்தில் மீன் கூடையுடன் வந்த அம்மாள் ஐஸ் பெட்டியைத் தட்டினார். "என்ன மீனு?"

"மண்ணு. சூட்டுல வச்சா வழியிலேயே மாறிரும்."

"நல்லாருக்கு! என் மீனுக்கே ஐஸ் பத்தல, இவுக மண்ணுக்கு வச்சுக் கொண்டு போறாக!"

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கை பெட்டியை விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் இரண்டு மண்ணையும் தனித்தனியே, கந்தகத்தைக் கரைத்தெடுக்கும் அசிட்டோனில் ஊறவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டையும் வடிகட்டி, சாற்றைத் தண்ணீரில் ஊற்றினேன்; கந்தகம் இருந்தால் அது பிரிந்து வெளுக்கும். ஒளு மூலையின் சாறு தெளிவாகவே நின்றது. காய்ந்த வயலின் சாறு பால்போல் வெளுத்தது. போட்ட கந்தகம் அங்கே மாறாமல் இருக்கிறது. காதர் பாயைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க சார்," என்றார், "மோட்டார் ஓடுது."