மயங்கியவர்கள் போட்ட வாக்கு

மயக்கமருந்துத் தாதி வேலையை ஒழுங்காகச் செய்தால் உங்களை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. யாருக்காவது ஞாபகம் இருந்தால் எங்கேயோ பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மருந்தின் அளவை டொக்டர் சொல்வார். மருந்தை எடுத்துவைப்பது, குழாயை நீட்டுவது, தாடையைப் பிடிப்பது, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண் எடுக்காமல் பார்ப்பது எல்லாம் நாங்கள். முதியோர் இல்லத்தில் குளிக்கவார்க்கிறவர்களும், உணவகத்தின் பின்பக்கம் நின்று சட்டி கழுவுகிறவர்களும், விடிய எழும்பிப்போய் அலுவலகம் துடைக்கிறவர்களும் இதை வாசித்தால் நான் மேலே சொல்லவே தேவையில்லை. நீங்களும் என் கட்சிதான்.

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் சம்பளம் எடுக்கிறேன். இந்த வருடம் முதல்தடவையாக, சிறந்த மயக்கமருந்துத் தாதிக்கு விருது என்று அறிவித்தார்கள். என்னோடு வேலை செய்யும் மாரியோனுக்குத்தான் அது போகவேண்டும் என்று நினைத்தேன். முதுகு வருத்தத்தால் அவள் வரும் வசந்தத்தோடு வேலையை விடுகிறாள். இந்த வருடம் விட்டால் இனி இல்லை. “ஒரு தடவையாவது என் பெயரை மைக்கில் கூப்பிடட்டும்” என்று சொல்லிக்கொண்டு, விழாவுக்கென்று ஒரு நீலச் சட்டை வாங்கி, வேலையிடத்து அலுமாரியில் தொங்கவிட்டிருந்தாள். அந்தச் சட்டையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

லிஃப்டடிப் பெட்டி

விருது யாருக்கு என்பதை நோயாளிகள் வாக்குப்போட்டுத் தீர்மானிப்பார்களாம். வார்டில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியும் கொஞ்ச அட்டைகளும் வைத்தார்கள். முதலில் சிரித்தேன். பகிடி இல்லை என்று தெரிந்ததும் தாதியர் பிரிவுத் தலைவியைச் சந்திக்க டெர்மின், அதாவது நேரம், எடுத்துக்கொண்டு போனேன்.

எங்களிடம் வந்து சேரும்போதே பாதிப்பேருக்குப் பயம் குறைக்கிற மருந்து ஏறியிருக்கும். எங்களுக்கு முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி, வெளியே தெரிவது கண் மட்டும். பிறகு அவர்கள் நித்திரை. எழும்பும்போது எங்களைச் சுத்தமாக மறந்திருப்பார்கள். இதை எல்லாம் விளக்கி, கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டால் என்ன என்றேன். தலைவி பொறுமையாகக் கேட்டார். மேசைச் செடியிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். பிறகு சொன்னார்: “அப்படியென்றால் நீங்கள் இன்னும் கொஞ்சம் மனதில் பதிகிறமாதிரி நடந்துகொள்ளலாமே.”

புறாக்காரர்

கொவால்ஸ்கி என்று ஒரு வயதானவர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி. வயிற்று ஒப்பரேசனுக்கு வந்தார். இரும்பு மாதிரி ஆள், மேசையில் படுத்ததும் நடுங்கத் தொடங்கிவிட்டார். ஊசி ஏற்ற நரம்பு பிடிபடவில்லை. மாரியோன் அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கிக்கொண்டே, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பந்தயப் புறாக்கள் இருக்கின்றன என்றார். ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லச்சொன்னாள். மனுசன் அழுதுகொண்டே பெயர் சொல்லிச் சொல்லி, ஒரு பெயரின் பாதியில் நித்திரையானார். அவ்வளவு அமைதியாகத் தூங்கப்போனவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தநாள் எங்கள் இருவருக்கும் அந்த வார்டில் ஒரு அலுவல். மாரியோன் எட்டிப்பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் சொன்னார்: “நல்லது, வந்துவிட்டீர்கள். இந்தச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.”

மாரியோன் எடுத்துக்கொண்டு போனாள்.

எங்கட ஆள்

சரி, வெள்ளைக்காரர்தான் அப்படி, எங்கட சனம் கைவிடாது என்று நினைத்தேன். தமிழ்க்கடை வைத்திருக்கும் சிவபாலன் அண்ணைக்குப் பித்தப்பையில் கல். ஒப்பரேசன் முடிந்து எழும்பும் நேரம் ஆள் திமிறிவிட்டார். சிலருக்கு அப்படி வரும், அவர்களில் பிழையில்லை. குழாய்களைப் பிடுங்கி, கட்டிலை விட்டு விழப்பார்த்தவரை மாரியோன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். அவர் வீசிய கை அவளுடைய கன்னத்தில் பட்டது. ஒரு கிழமை கன்னம் கறுத்திருந்தது. அந்த இழுபறியோடுதான் முதுகும் மோசமானது.

வாக்குக் கேட்கக்கூடாது என்று சட்டம். கேட்டேன். அவர் வீட்டுக்குப் போகிற அன்று கட்டிலடியில் போய் நின்று, “அண்ணை, உங்களை விழாமல் பிடிச்சது மாரியோன் எண்ட பிள்ளை. அவவுக்கு ஒரு அட்டை போட்டுவிடுங்கோ” என்றேன். அண்ணை பையைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: “ஐயோ பிள்ளை, நான் டொக்டரிண்ட பேரையெல்லோ எழுதிப் போட்டிட்டன். மயக்கம் தந்தது அவர், நீங்கள் சும்மா பக்கத்தில நிண்டனீங்கள்தானே.”

அந்த மாதம் முழுக்க நான் அவருடைய கடைக்குப் போகவில்லை. மீனுக்கு பஸ் எடுத்து அடுத்த ஊருக்குப் போனேன்.

பால்கோப்பி

முழங்கால் ஒப்பரேசனுக்கு ஒரு அம்மா வந்தார். வெறும் வயிறு என்று வார்டில் கேட்டு எழுதியிருந்தார்கள். எல்லாம் தயார். மாரியோன் மட்டும் இன்னொருதடவை கேட்டாள்: “காலையில் ஒன்றும் வாயில் வைக்கவில்லையா? ஒரு வாய் கூட?” அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பெரிய கோப்பை பால்கோப்பி மட்டும் குடித்தேன், அது சாப்பாடு இல்லையே என்றார்.

வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கினால், அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். போனால் ஆளே போகலாம். மாரியோன் கையிலிருந்த மருந்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இப்போது செய்ய ஏலாது என்றாள். மயக்கமருந்து டொக்டரும் ஒத்துக்கொண்டு பின்னேரத்துக்குத் தள்ளிவைத்தார். சத்திரசிகிச்சை டொக்டர் தயாராகக் கை கழுவிக்கொண்டு நின்றவர். தன் சக டொக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை, மாரியோனிடம்தான் வந்தார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: “ஒரு கோப்பிக்காக என்னுடைய முழு நாளையும் நாசமாக்கிவிட்டீர்கள்.”

கண்ணாடிக் கிண்ணம்

விழா கன்டீனில் நடந்தது. எங்கள் பிரிவில் பாதிப்பேருக்கு வரமுடியவில்லை, ஒப்பரேசன் ஓடிக்கொண்டிருந்தது. மாரியோன் சட்டையை மாற்றப்போன நேரத்தில் அவசரமாக ஒரு குடல்வால் ஒப்பரேசன் வந்துவிட்டது. விருதுக்குரிய வேலையைச் செய்யப் போனதால் விருதுக்கு வர ஏலாமல் போனது. இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

தலைவி மைக்கில் சொன்னார்: செல்லுபடியான வாக்குகள் போதவில்லை, ஆகவே விருது முழுக் குழுவுக்கும். பிரிவின் தலைமை டொக்டர் மேலே போய்க் கண்ணாடிக் கிண்ணத்தை வாங்கி, இது நம் எல்லோருக்கும் உரியது என்று சொல்லிவிட்டு, தன்னுடைய பைக்குள் வைத்தார். சனம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

முடிந்ததும் நேரே தலைவியிடம் போய் அட்டைகளைக் காட்டச் சொன்னேன். காட்டினார். பெயர் எழுதவேண்டிய இடத்தில் எழுதியிருந்தது இதுதான்: கை பிடித்திருந்தவர். பச்சைத் தொப்பிக்காரி. நல்ல கண்கள். புறாக்களைப் பற்றி யாரோ ஒருத்தி கேட்டாள், கனவோ தெரியாது. இப்படி ஒரு கட்டு. பெயர் இல்லாததால் எல்லாம் செல்லாதாம். அந்தப் புறா அட்டையைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆனால் ஆத்திரம் முந்திக்கொண்டது. நோயாளியின் குரல் முக்கியம் என்று பெட்டி வைத்தவர்கள், அவன் பேசினால் செல்லாது என்கிறார்கள். மாரியோனின் பெயரோடு ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன், சத்தமாகத்தான் கேட்டேன். தலைவி ஒரு அட்டையைத் தேடி எடுத்து நீட்டினார்: “ஒன்று இருக்கிறது. ஆனால் அது முறைப்பாடு.”

அலுமாரிக் கதவு

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கொடுப்பதா, கிழித்துப்போடுவதா என்று தெரியவில்லை. மாரியோன் வேலை முடித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, உடை மாற்றும் அறையில் இருந்தாள். நீலச் சட்டை தொங்கியபடியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தே விசயத்தை விளங்கிக்கொண்டாள். கையை நீட்டினாள், கொடுத்தேன்.

மாரியோன் என்ற தாதியால் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன், பின்னேரம்தான் என் முழங்காலைச் செய்தார்கள், இப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்று பால்கோப்பி அம்மா எழுதியிருந்தார். மாரியோன் ஆறுதலாக வாசித்தாள். பெயர் இருந்த இடத்தை இன்னொருதடவை பார்த்தாள். பிறகு அட்டையை அலுமாரிக் கதவின் உள்பக்கம், சட்டைக்கு நேரே ஒட்டிவிட்டுச் சொன்னாள்: “மனுசி எழும்பியிருக்கிறா, பேனை பிடித்து எழுதியுமிருக்கிறா.”

எங்கள் தொழிலில் விருது என்பது, எங்களைத் திட்டுவதற்கு அந்த ஆள் உயிரோடு எழும்பி வருவதுதான்.