புறவாசலுக்கு ஒரு பச்சை மறைப்பு

செடி விற்கிற கடைக்கு யாரும் செடி கேட்டு வருவதில்லை. பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் வருகிறார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் என் நர்சரி இருக்கிறது. ஒரு போர்வெல், ஒரு நிழல்வலைப் பந்தல், வரிசை வரிசையாகப் பைக் கன்றுகள். என் வீட்டுக்காரர் முருகேசன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். கன்றுகளை ஏற்றி இறக்குவதும் குழி தோண்டி நட்டுக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. விசைத்தறியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மா, கொய்யா, ரோஜா என்றுதான் வாங்கி அடுக்கினேன். வந்தவர்களோ வேறொன்றைக் கேட்டார்கள். "எதுத்த மாடியிலருந்து பாத்தா எங்க புறவாசல் பூராத் தெரியுதுக்கா. வருஷம் முழுக்கப் பச்சையா நின்னு மறைக்கிற மாதிரி எதுவும் இருக்கா?"

உங்களுக்கு இது புரியும். துணி காயப்போட்டுக்கொண்டே நிமிர்ந்தால், மாடியில் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிக்னல் தேடுகிற சாக்கில் நம் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த அனுபவம் இருக்கிற அத்தனை பேரும் என் கட்சி. நம் கட்சிக்காரர்களுக்காகவே மறைப்புச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். எங்கள் போர்த் தண்ணீர் நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்து ஒரு கோடையைத் தாண்டிய கன்றை மட்டும்தான் விற்பது என்று வைத்துக்கொண்டேன். அதில் பார்த்த கூத்துகள்தான் இவை.

ஒரு இலையும் கொட்டக் கூடாது

எம்.ரெட்டியபட்டியிலிருந்து தங்கப்பாண்டி அண்ணன் வந்தார். பருத்தி விவசாயி. வீட்டுக்குப் பின்னால் கிளுவை வேலி போட்டிருந்தார். கிளுவை நல்ல செடிதான், ஆனால் கோடை வந்தால் இலையை எல்லாம் உதறிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். சரியாக வீட்டில் எல்லாரும் வெக்கை தாங்காமல் புறவாசலில் படுத்துப் புரளுகிற காலத்தில் வேலி அம்மணமாகிவிடும். "ஒரு இலைகூடக் கொட்டாத செடியாக் குடு" என்றார்.

"எல்லாச் செடியும் இலை கொட்டும்ணே. சிலது மொத்தமாக் கொட்டிட்டு நிக்கும். சிலது புது இலைய விட்டுட்டுப் பழசக் கொஞ்சங் கொஞ்சமா உதுக்கும். உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது" என்று சொல்லி விராலியைக் காட்டினேன். மழை பொய்த்தாலும் பச்சை மாறாது, குத்துக் குத்தாக ஆள் உயரத்துக்கு மேலே போகும். அவருக்கு நம்பிக்கை இல்லை. தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் வேறு போட்டுக்கொண்டார். அரை மனதாகத்தான் லோடு ஏற்றிப் போனார்.

இரண்டு கோடை கழித்து அவர் மனைவி வந்தார். செடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அலுத்துக்கொண்ட மாதிரிதான் பேச்சு, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "வீட்டுக்கு வாரவுகள இந்த மனுசன் முன்வாசல்ல உக்கார விடுறதே இல்ல தாயி. நேரா பின்னாடி கூட்டிட்டுப் போயி செடியக் காட்டுறாரு. மறைக்கணும்னு வச்ச செடியப் பாக்க ஊரே எங்க புறவாசலுக்கு வந்துட்டுப் போகுது!"

போனில் இருந்த படம்

புது வீடு கட்டியிருந்த இளம் தம்பதி. கணவன் போனில் ஒரு படம் காட்டினான். ஏதோ ஒரு தேசத்தில் மதில் சுவர் மாதிரி இடைவெளியே இல்லாமல் செதுக்கிய பச்சை வேலி. அதே செடிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பேர் தெரியவில்லை என்றேன். பெரிதாக்கிக் காட்டினான். இன்னும் தெரியவில்லை என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். படத்தில் தரையெல்லாம் ஈரம், வானமெல்லாம் மேகம். மருதாணிக் கன்றுகள் இருந்த பக்கம் போய், கவாத்து வெட்டினால் இதுவும் சுவர் மாதிரி அடைத்து வருமா என்று என்னிடம் கேட்டாள். அருமையாக வரும், அதோடு கைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். திரும்பி அவனைப் பார்த்துச் சொன்னாள்: "மொதல்ல படத்துல உள்ள மழையக் கொண்டாங்க. பெறகு செடியக் கொண்டாரலாம்."

ஆடுகளின் தீர்ப்பு

நரிக்குடிப் பக்கத்துக் காளீஸ்வரி வந்தபோது அழுகிற நிலையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே செம்பருத்திக் குச்சிகளை வெட்டி நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, இடுப்பு உயரம் கொண்டுவந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ஆடுகள் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டன. பட்டி போடச் சொல்லிக் கேட்டதற்கு, "ஆட்டுக்குத் தெரியுமா எது ஒன் எல்லை, எது என் எல்லைன்னு?" என்று அந்த மதினி சிரித்திருக்கிறாள்.

ஆடு தொடாத செடி என்றால் எல்லாரும் முதலில் அரளியைத்தான் சொல்வார்கள். காளீஸ்வரியும் அதையே கேட்டாள். வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா என்றேன். தவழ்கிற பெண் குழந்தை ஒன்று உண்டாம். "அப்ப அரளி உனக்குக் கெடையாது. பிள்ள பிடுங்கி வாயில வச்சிட்டா விஷம். ஆட்டுக்குட்டி தெரியாமக் கடிச்சுச் செத்தாலும் பழி உன் தலையில" என்று சொல்லி ஆடாதோடையைக் கொடுத்தேன். நல்ல பெரிய இலை, சட்டென்று அடைக்கும், கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. அவளுக்குச் சந்தேகம்தான். "இந்த ஆடுக நோட்டீஸையே தின்னுருக்குக்கா!"

நட்டு மூன்றாம் நாள் போன் வந்தது. கிசுகிசுப்பான குரல். "அக்கா, வந்துருச்சுக... முன்னால வார கெடா மோந்து பாக்குது... வாயில வச்சிருச்சுக்கா!" நானும் கையில் இருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டேன். "துப்பிருச்சு! துப்பிட்டுத் திரும்பிப் போகுதுக்கா!" அந்தப் பக்கம் அவள் கைதட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. முருகேசன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்; எனக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. அடுத்த மழைக்கு வேலி தலைக்கு மேலே போய்விட்டது. ஒரு நாள் அந்தப் பக்கத்து மதினியே வேலிக்கு அப்பால் நின்று கேட்டாளாம்: "ஏன் காளீஸு, எங்க ஆட்டுக்குப் பிடிக்காததாப் பாத்துப் பாத்து வச்சிருக்கியே, நாங்க ஒனக்கு என்ன பாவம் பண்ணுனோம்?"

பாம்புக்குப் பொறுப்பு யார்?

மறைப்புச் செடி என்ற உடனே வீட்டில் ஒரு பெரியவர் எழுந்து "பாம்பு அடையும்" என்பார். இது எல்லா வீட்டிலும் உண்டு, உங்கள் வீட்டிலும் இருப்பார். டவுனில் சுந்தரம் ஐயா வீட்டில் மருமகளுக்குச் செடி வேண்டும், மாமனாருக்கு வேண்டாம். நான் நேரில் போய்ச் சொன்னேன்: அடியில் ஒரு முழத்துக்குக் கிளைகளைக் கழித்துவிட்டால் தரை வெளிச்சமாகத் தெரியும், குப்பை சேராமல் கூட்டிவிட்டால் எதுவும் வந்து தங்காது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாம்பு வந்துச்சுன்னா ஒனக்குத்தாம்மா போன் போடுவேன்" என்றார். போடுங்கள் என்றேன்.

போட்டார். ஒரு மத்தியானம், நான் சோற்றில் கை வைத்த நேரம். "வா, வந்து பாரு. கருப்பா, மூணு கஜ நீளம். செடி ஓரமாப் படுத்திருக்கு." முருகேசன் கம்பை எடுத்துக்கொண்டார். குட்டியானையில் பறந்தோம். தெருவில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். மருமகளைக் காணோம், உள்ளே அழுதுகொண்டிருந்தாள். செடிகளை எல்லாம் இன்றைக்கே பிடுங்கி எறிவதென்று மாமனார் முடிவு செய்துவிட்டாராம். முருகேசன் மெதுவாகக் கிட்டே போய்க் கம்பால் தொட்டார். அது அசையவில்லை. குனிந்து வாலைப் பிடித்துத் தூக்கினார். போன வாரம் அவரே போட்டுவிட்டு வந்த சொட்டுநீர்க் குழாய்! தெருவே சிரித்தது. உள்ளேயிருந்து மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாருக்கும் காபி போட்டாள். செடி பிழைத்துக்கொண்டது. ஐயா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "பாம்பு வராதுன்னு சொன்ன, சரி. பாம்பு மாதிரி எதுவும் வராதுன்னு சொன்னியா?"

இரண்டு ஆர்டர், ஒரே எல்லை

திருச்சுழியிலிருந்து பாக்கியம் அக்கா போனில் நந்தியாவட்டைக் கன்றுகள் கேட்டார். அடுத்த நாள் அதே தெருவிலிருந்து ராஜாத்தி என்று ஒருத்தி, அதே நந்தியாவட்டை. ஒரே லோடாகப் போய்விடலாம் என்று எங்களுக்குச் சந்தோஷம். போய் இறங்கினால் இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு பாதி. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். இருவரும் ஓரகத்திகள். கிணற்றடி யாருக்கு என்ற தகராறில் பேச்சு நின்றுபோய், ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கக் கூடாது என்றுதான் ஆளுக்கொரு ஆர்டர்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை என்று நட்டால் ஒன்றை ஒன்று நெருக்கி இரண்டுமே தேறாது. கயிறு ஓடுகிற கோட்டிலேயே ஒரு வரிசை போதும் என்றேன். பாக்கியம் அக்கா என்னிடம், "தண்ணி யாரு ஊத்துறதுன்னு அவுககிட்டக் கேளுங்க" என்றார். 'அவுக' கை எட்டுகிற தூரத்தில் நின்றாள். ராஜாத்தி என்னிடம், "நான் ஒரு நா, அவுக ஒரு நான்னு சொல்லுங்க" என்றாள். பூவைப் பற்றியும் தீர்ப்பாயிற்று: எந்தப் பக்கம் பூக்கிறதோ அந்தப் பக்கத்துச் சாமிக்கு. நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து வலித்தது.

ஒரு வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். வேலி அடர்ந்து, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பூ. அந்தப் பக்கம் ஆள் இருப்பதே தெரியவில்லை. ராஜாத்திக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவள் முறையையும் சேர்த்துப் பாக்கியம் அக்காவே ஊற்றியிருக்கிறார். அப்படியென்றால் பேசிக்கொள்கிறீர்களா என்று ஆவலாகக் கேட்டேன். பாக்கியம் அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "பேச்சா? அதெல்லாம் கெடையாது. செடிக்கு நாங்க தண்ணி ஊத்திக்கிடுவோம், அம்புட்டுத்தான்."

முத்துலட்சுமி வண்டி பழகினாள்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முத்துலட்சுமி சத்துணவு வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்குக் காலையில் ஒரு பஸ், அதைவிட்டால் வெயிலில் நடை. சீட்டுப் பணம் எடுத்துப் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கினாள். வீட்டுக்குப் பின்னால் நல்ல அகலமான வெற்றிடம். பழகுவதற்குத் தோதுதான். ஆனால் அதற்கு நேர் எதிரே டீக்கடை பெஞ்சு.

முதல் நாளே விழுந்தாள். விழுந்தது வலிக்கவில்லையாம். "ஏலே, ஏரோப்ளேனு எறங்கிருச்சுலே" என்று பெஞ்சிலிருந்து வந்த குரல்தான் வலித்ததாம். அன்றைக்கே வண்டியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டாள். அதன்பிறகு ஒரு மாதம் நடந்தேதான் வேலைக்குப் போயிருக்கிறாள். பிறகு என்னிடம் வந்து, "சீக்கிரமா வளர்ற மறைப்பு வேணும்" என்றாள். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை வருஷம் ஆகும் என்றேன். வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அதுக்குள்ள வண்டி துருப்பிடிச்சிரும்க்கா. நானும்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பந்தலில் கழற்றி வைத்திருந்த பழைய நிழல்வலை இருந்தது. முருகேசன் அவள் இடத்தில் கம்பு ஊன்றி அந்த வலையை இழுத்துக் கட்டினார். வலைக்கு ஓரமாக விராலியை நெருக்கி நட்டோம். செடி வளரும் வரைக்கும் வலை. வலைக்குப் பின்னால் தினமும் காலையில் அவள் விழுந்தாள், எழுந்தாள், விழாமல் ஓட்டினாள்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். அவள் ஓட்டிக்கொண்டிருக்கிறபோதே ஒரு காலையில் வலை கம்போடு பிடுங்கிக்கொண்டு பறந்தது. டீக்கடை பெஞ்சு முழுக்க ஆள். நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாளாம். கை மட்டும் பிரேக்குக்குப் போகவில்லை. வளைத்தாள், முழு வட்டம் வந்தாள், இன்னொரு வட்டமும் வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் டீயை மறந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வட்டம் அடிக்காமல் அப்படியே ரோட்டில் ஏறி, டீக்கடை முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் நர்சரி வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. முத்துலட்சுமி! அவள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் தானே ஓட்டி வந்திருக்கிறாள். தலைமுடியெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் சிரிப்பு. நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். செடி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். முழங்கால் உயரம்தானாம். "இனி உனக்கு மறைப்பு எதுக்கு? பிடுங்கி வேற எங்கயாச்சும் நட்டுருவமா?" என்றேன். வண்டியை விட்டு இறங்காமலே சொன்னாள்: "தொட்டுராதீகக்கா! எங்க தெருவுல இன்னும் நாலு பொம்பளைக பழகணும்னு வரிசையில நிக்காக!"

ஊருக்கெல்லாம் மறைப்பு நட்டுக் கொடுக்கிற என் நர்சரிக்கு மட்டும் நாலு பக்கமும் வேலி கிடையாது. மறைத்து வைத்தால் வியாபாரம் ஆகாதே.